பழைய டீசல் காருக்கு இன்ஜின் வேலை: செய்யலாமா, விட்டுவிடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்டியைப் பட்டறையில் விட்ட மறுநாள் போன் வரும். "இன்ஜின் இறக்கணும் சார்." அதை அடுத்துச் சொல்லும் தொகை வண்டியின் விலையில் பாதியைத் தொடும், சில சமயம் தாண்டியும் போகும். அந்த போன் எனக்கு இரண்டு முறை வந்திருக்கிறது. ஒரு முறை சரியாக முடிவெடுத்தேன், ஒரு முறை கோட்டைவிட்டேன். அதன் பிறகு இதே நிலையில் சிக்கிய நண்பர்களும் தெரிந்தவர்களும் என்னிடம் கேட்டவைதான் இந்தக் கேள்விகள். நான் மெக்கானிக் இல்லை. பழைய டீசல் வண்டிகளை வைத்துக் காலம் தள்ளியவன்.

இன்ஜின் போய்விட்டது என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். அப்படியே ஏற்றுக்கொள்வதா?

"உடம்பு சரியில்லை" என்பது எப்படி ஒரு நோயின் பெயர் ஆகாதோ, அப்படித்தான் "இன்ஜின் போய்விட்டது" என்பதும். எந்த சிலிண்டர், எந்தப் பாகம், எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று கேளுங்கள். கோபப்படாமல் பதில் சொல்பவரிடம் வண்டியை விடலாம்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை 15 முதல் 22 மடங்கு வரை அழுத்தும்போது உண்டாகும் சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்கிறது. அதனால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்தால் "கம்ப்ரஷன் இல்லை" என்ற சந்தேகம் வருவது நியாயம்தான். ஆனால் செத்துப்போன க்ளோ பிளக் (ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டரைச் சூடாக்குவது), வலுவிழந்த பேட்டரி, சோர்ந்து சுற்றும் செல்ஃப் மோட்டார், காற்று இழுக்கும் டீசல் லைன், ரிட்டர்னில் (மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்பும் குழாயில்) அதிகம் கசியவிடும் இன்ஜெக்டர் (டீசலைத் தெளிக்கும் பாகம்), இவற்றில் எது இருந்தாலும் அதே அறிகுறிதான். இன்ஜின் வேலைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இவை சில்லறை.

என் முதல் வண்டிக்கு "ரிங் போச்சு, முழு இன்ஜின் வேலை" என்று சொன்னார்கள். ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி அழுத்தம் கீழே இறங்காமல் அடைக்கும் வளையம். வேறொருவர் நான்கு இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் குழாயிலும் ஆளுக்கொரு சின்ன பாட்டிலை மாட்டி, இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டார். மூன்று பாட்டிலில் கொஞ்சம், நான்காவதில் கழுத்துவரை டீசல். அந்த ஒரு இன்ஜெக்டரை மாற்றியதும் வண்டி இன்னும் ஐந்து வருடம் ஓடியது.

இன்ஜினை இறக்குவதற்கு முன் என்னென்ன சோதனை செய்யச் சொல்லவேண்டும்?

முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட். டீசலுக்கான கேஜ் தனி. பெட்ரோல் கேஜ் இந்த அழுத்தத்தைத் தாங்காது. நல்ல டீசல் இன்ஜின்கள் பலவற்றில் 25 பார் அழுத்தத்துக்கு மேல் காட்டும். சரியான எண் இன்ஜினுக்கு இன்ஜின் மாறும், அது சர்வீஸ் கையேட்டில் இருக்கும். மொத்த எண்ணைவிட சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். எல்லாம் ஒன்றுபோலச் சற்றே குறைந்திருந்தால் அது வயது. மூன்று நன்றாக இருந்து ஒன்று மட்டும் படுத்திருந்தால் அது பழுது.

படுத்த சிலிண்டர் எது என்று தெரிந்ததும் லீக் டவுன் டெஸ்ட். அந்த சிலிண்டருக்குள் கம்ப்ரஸர் காற்றை விட்டு, அது எங்கே தப்பிக்கிறது என்று காதால் கேட்பது, அவ்வளவுதான். ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங் அல்லது பிஸ்டன். சைலன்ஸரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ஏர் ஃபில்டர் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் விரிசல் விட்ட ஹெட்டோ (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்), அதற்கு அடியில் உள்ள ஹெட் கேஸ்கெட்டோ. ஹெட்டை மட்டும் இறக்கினால் போதுமா, கீழ் இன்ஜினும் பிரிக்கவேண்டுமா என்பது இங்கேயே தெரிந்துவிடும். செலவில் அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

கீழே தட்டல் சத்தம் இருந்தால் ஆயில் பிரஷரை டாஷ்போர்டு விளக்கை நம்பாமல் தனி கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு. பழைய ஆயில் ஃபில்டரை வெட்டி, காகித மடிப்பை விரித்துப் பார்ப்பது இன்னும் எளிது. மினுமினுக்கும் உலோகத் துகள் இருந்தால் பேரிங் தேய்கிறது. காந்தத்தில் ஒட்டினால் அது இரும்பு.

ஸ்கேனரில் வரும் பிழைக் குறியீடு தீர்ப்பு அல்ல. ரெயில் (இன்ஜெக்டர்களுக்கு டீசலை உயர் அழுத்தத்தில் தரும் குழாய்) பிரஷர் குறைவு என்று அது சொல்லும்; பம்ப்பா, இன்ஜெக்டரா, அடைத்த டீசல் ஃபில்டரா என்று சொல்லாது.

புகையின் நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம் என்கிறார்களே?

ஓரளவுக்கு. கறுப்புப் புகை என்றால் எரிவதற்குப் போதுமான காற்று இல்லை, அல்லது டீசல் அதிகம். டர்போவிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ் கிழிந்தாலே கறுப்பாகத் தள்ளும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைதான் ஏமாற்றும்: கண் எரியும் டீசல் வாடையோடு வந்தால் எரியாத டீசல், இனிப்பு வாடையோடு நீராவி போல வந்துகொண்டே இருந்தால் கூலன்ட். குளிரில் முதல் இரண்டு நிமிடம் வரும் வெள்ளைக்குப் பயப்பட வேண்டாம்.

வண்டி ஆயில் குடிக்கிறது. ரிங் போய்விட்டதா?

எவ்வளவு குடிக்கிறது என்று அளந்தீர்களா? 1000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர்வரை சாதாரணம் என்று சில தயாரிப்பாளர்களின் கையேட்டிலேயே இருக்கிறது. அந்த அளவுக்குள் இருந்தால் ஒரு லிட்டர் டின் டிக்கியில் கிடக்கட்டும், வண்டி ஓடட்டும். ஆயில் வாங்கி ஊற்றுவது மானக்கேடு இல்லை.

அதற்கு மேல் போனால் டர்போ சீல், வால்வு சீல், பிரீதர் (இன்ஜினுக்குள் சேரும் ஆவி வெளியேறும் வழி) அடைப்பு ஆகியவற்றைப் பார்த்த பிறகே ரிங்கைச் சந்தேகிக்கவேண்டும். இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் லேசான ஆவி வருவது வழக்கம். மூடியே துள்ளி விழும் அளவுக்குத் தள்ளினால் பட்டறைகளில் பேக் கம்ப்ரஷன் என்று சொல்வது அதுதான்; ரிங்குகளைத் தாண்டி அழுத்தம் கீழே இறங்குகிறது.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறிக்கொண்டே போகும். நிறையப் பேர் அதைக் கண்டு சந்தோஷப்படுகிறார்கள்! டிபிஎஃப் (புகையில் உள்ள கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி) உள்ள வண்டியைக் குட்டிக் குட்டிப் பயணமாகவே ஓட்டினால், கரியை எரிக்க இன்ஜின் கூடுதலாக டீசலைத் தெளிக்கும். எரிப்பு பாதியில் நின்றுபோனால் அந்த டீசல் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்கும். நீர்த்துப்போன ஆயில் பேரிங்கையும் டர்போவையும் தின்றுவிடும்.

எந்தப் பழுதைச் செய்யலாம், எதை யோசிக்கவேண்டும்?

சரி செய்த பிறகு அதே காரணம் உள்ளே மிச்சம் இருக்குமா என்பதுதான் என் அளவுகோல். சில பழுதுகள் அந்தப் பாகத்தோடு முடிந்துவிடும். சில வேறெங்கோ நடப்பதன் விளைவு.

டர்போவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும், மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடி. டர்போ போனால் டர்போவை மட்டும் மாற்றுவது பெரும்பாலும் வீண் வேலை. ஆயில் வரும் குழாய் கரிபிடித்து அடைத்திருந்தால் புதுசும் சீக்கிரம் போகும். குழாயை மாற்றி, இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலை வடித்து, ஆயில் பிரஷர் பார்த்துச் செய்தால் டர்போ நல்ல செலவுதான்.

ஹெட் கேஸ்கெட்டும் அப்படியே. நான் கோட்டைவிட்ட இடம் இதுதான். இரண்டாவது வண்டி சூடேறி ஹெட் கேஸ்கெட் போனது. மாற்றினார்கள். ஏன் சூடேறியது என்று யாரும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. பாதி அடைத்த ரேடியேட்டர் அப்படியே இருந்தது. நான்காவது மாதம் மறுபடி அதே கதை, இந்த முறை ஹெட்டும் வளைந்துவிட்டது. பழைய குருடி கதவைத் திறடி.

இந்த வேலையில் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். ஹெட்டை நேர்கோல் வைத்து, ஃபீலர் கேஜ் நுழைத்துச் சமம் பார்த்தார்களா? பல இன்ஜின்களில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வளைவே அதிகம். ஃபேஸிங் (சீவிச் சமமாக்குவது) செய்ய அந்த ஹெட் இடம் கொடுக்குமா? சில டீசல் ஹெட்டுகளைச் சீவவே கூடாது என்று தயாரிப்பாளர் சொல்லியிருப்பார். மூன்றாவது கேஸ்கெட்டின் கனம். பிஸ்டன் பிளாக்கின் மேல்மட்டத்தைத் தாண்டி எவ்வளவு எட்டிப்பார்க்கிறது என்பதை அளந்து, அதற்கேற்ற கனத்தில் கேஸ்கெட் போடவேண்டும். கேஸ்கெட் ஓரத்தில் உள்ள வெட்டுகளோ துளைகளோ அந்தக் கனத்தைச் சொல்லும். ஹெட் போல்ட்டுகள் இழுபட்டு நீளும் வகையாக இருந்தால் பழசையே திரும்ப முறுக்கக்கூடாது.

டைமிங் பெல்ட் அறுந்த வண்டியை உடனே கைவிட வேண்டாம். பிஸ்டனில் வால்வு இடிக்கும்தான். ஆனால் சில இன்ஜின்களில் ராக்கர் ஆர்ம் முதலில் உடைந்து மற்றதைக் காப்பாற்றும். ஹெட்டை இறக்கிப் பார்க்காமல் தெரியாது.

எனக்கு மிகவும் பயம் தரும் பழுது ஹை பிரஷர் பம்ப் உள்ளுக்குள் அரைபட்டு உலோகத் தூள் கக்குவது. காமன் ரெயில் 1997இல் கார்களுக்கு வந்தபோதே 1300 பாருக்கு மேல் அழுத்தம். பின்னால் வந்தவை 2000 பாரைத் தாண்டின. அந்த அழுத்தத்தில் வேலை செய்யும் இன்ஜெக்டரின் உள் இடைவெளி மைக்ரான் கணக்கு. பம்ப்பிலிருந்து கிளம்பிய தூள் ரெயில், நான்கு இன்ஜெக்டர், ரிட்டர்ன் லைன், டேங்க் என்று எங்கும் போயிருக்கும். பம்ப்பை மட்டும் மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பணம் போனதாக வைத்துக்கொள்ளுங்கள். முழு செட்டும் மாற்றும் செலவு பழைய வண்டியில் பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) பேரிங் தட்டல், செய்யத் தக்க பழுதுக்கும் கைவிடவேண்டிய பழுதுக்கும் நடுவில். சீக்கிரம் நிறுத்தியிருந்தால் கிராங்கை லேத்தில் கிரைண்ட் செய்து 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் அண்டர்சைஸ் பேரிங் போட்டுத் தப்பிக்கலாம். தட்டலோடு ஊர் போய்ச் சேர்ந்திருந்தால் கனெக்டிங் ராடு, கிராங்க், பிளாக் என்று பட்டியல் நீளும். ஆயில் கூலரையும் மாற்றச் சொல்லுங்கள். அதன் சந்துகளில் ஒளிந்த துகளை எவ்வளவு கழுவினாலும் நம்பமுடியாது.

செலவு வண்டி விலையில் பாதியைத் தாண்டினால் விட்டுவிடவேண்டும் என்று ஒரு விதி சொல்கிறார்களே?

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழி அந்த விதிக்குப் பொருந்தும். எனக்கு அது போதவில்லை. கார் சுண்டைக்காய் இல்லை, செலவுக்குப் பிறகும் ஓடுகிற பொருள். எத்தனை மாதம் ஓடும் என்று பார்க்காத எந்த விதியும் அரைகுறைதான்.

ஒரு கணக்குப் போடுவோம், எண்கள் வெறும் ஒப்பீட்டுக்கு. ஓடும் நிலையில் உங்கள் வண்டி 100க்குப் போகும், பழுதோடு 30க்குப் போகும் என்று வையுங்கள். இன்ஜின் வேலை 60. அதோடு வரிசையில் நிற்கும் மற்ற வேலைகள் (டயர், சஸ்பென்ஷன், கிளட்ச்) 35. பழுதோடு விற்காமல் விட்ட 30ஐயும் சேர்த்தால், செய்த வண்டி உங்களுக்கு 125 ஆகிறது. மூன்று வருடம் ஓட்டி 50க்கு விற்றால் இழப்பு 75, அதாவது மாதம் 2 சொச்சம்.

அதே ரகத்தில் இன்னொரு பழைய வண்டியை 100க்கு வாங்கினால்? பெயர் மாற்றச் செலவு 15, அதற்கும் 35க்கு வேலை இருக்கும், மொத்தம் 150. அதையும் மூன்று வருடம் கழித்து 50க்கு விற்றால் இழப்பு 100, மாதம் 3க்குச் சற்றுக் குறைவு. புதிதாக ஒன்றை 300க்கு வாங்கி 170க்கு விற்றால், வட்டி வகையில் 20 சேர்த்து இழப்பு 150, மாதம் 4க்கு மேல்.

ஆக, செய்வதுதான் லாபம்? அவசரப்படாதீர்கள். செய்த வண்டி பன்னிரண்டே மாதத்தில் வேறு காரணத்தால் படுத்து 30க்குப் போனால் இழப்பு 95, மாதம் கிட்டத்தட்ட 8. அதே பில், அதே இன்ஜின் வேலை. மாதம் மாறியதும் கணக்கு தலைகீழாகிறது. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள், ஆனால் மாதத்தை ஆசைக்கு ஏற்ப எழுதாதீர்கள்.

எத்தனை மாதம் ஓடும் என்று எப்படித் தெரியும்?

இன்ஜினை மறந்துவிட்டு வண்டியைத் தூக்கி அடியில் பாருங்கள். சஸ்பென்ஷன் பிடிக்கும் இடங்கள், சேஸிஸ் ஓரங்கள், ஜாக்கி வைக்கும் இடம் ஆகியவற்றில் துரு தோண்டியிருந்தால் அந்த வண்டிக்கு நல்ல இன்ஜின் போடுவது இடிந்த வீட்டுக்குத் தேக்குக் கதவு வைப்பது போல. இன்ஜினை மாற்றலாம், அடிச்சட்டத்தை யாரும் மாற்றுவதில்லை.

பிறகு கியர்பாக்ஸ். தானியங்கி கியர்பாக்ஸ் ஏற்கெனவே தயங்கினால் அடுத்த பெரிய பில் அதுதான். அப்புறம் வயரிங், ஏசி. கடைசியாக, பழைய டீசல் வண்டிகளுக்கு வயது வரம்போ நகருக்குள் நுழையத் தடையோ நீங்கள் ஓட்டும் பகுதியில் வரப்போகிறதா என்று விசாரியுங்கள். எவ்வளவு நன்றாக இன்ஜின் செய்தாலும் அந்தத் தேதியைத் தாண்ட முடியாது.

ஏற்கெனவே நிறையச் செலவு செய்துவிட்டேன். இப்போது விட்டால் எல்லாம் வீணாகுமே?

வீணானது வீணானதுதான். ஹெட் வளைந்த வண்டிக்கு நான் இரண்டாவது முறையும் பணம் போட்டதற்கு ஒரே காரணம், முதல் முறை போட்டிருந்தேன் என்பதுதான். மேலே உள்ள கணக்கில் போன மாதப் பில்லுக்கு இடமே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். புதிதாகப் போட்ட டயரும் பேட்டரியும் மட்டும் உள்ளே வரும், அதுவும் இனி வாங்கவேண்டாம் என்ற அளவில்.

அதே இன்ஜினைச் செய்வதா, வேறு பழைய இன்ஜினை வாங்கி மாட்டுவதா?

பழைய இன்ஜின் மலிவு, சீக்கிரம் முடியும், ஆனால் அது எப்படி வாழ்ந்தது என்று யாருக்கும் தெரியாது. மோதிய வண்டியிலிருந்து எடுத்தது நல்லது. பழுதான வண்டியிலிருந்து எடுத்தது ஏன் வெளியே வந்தது? ஆயில் மூடிக்கு அடியிலும் சம்ப்பிலும் (ஆயில் தேங்கும் அடித்தொட்டி) பாருங்கள், முடிந்தால் கம்ப்ரஷன் அளந்து வாங்குங்கள். மாட்டும் முன்பே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், பின்பக்க கிராங்க் சீல் மாற்றிவிடுங்கள். வெளியே இருக்கும்போது அரை மணி வேலை, உள்ளே போனபின் ஒரு நாள் வேலை. இன்ஜின் நம்பர் மாறுவதால் பல நாடுகளில் பதிவுப் புத்தகத்திலும் மாற்றவேண்டும்.

வண்டியை இரண்டு வருடத்துக்குள் விற்கும் எண்ணம் இருந்தால் பழைய இன்ஜின். ஐந்து வருடம் வைத்துக்கொள்வதாக இருந்தால், லேத் வேலையைப் பொறுமையாகச் செய்யும் ஆள் கிடைத்தால், உங்கள் இன்ஜினையே செய்வது மேல் என்பேன். நல்ல லேத் ஆள் இல்லாத இடத்தில் அந்த யோசனையே வேண்டாம்.

எஸ்டிமேட்டில் எதைக் கவனிப்பது?

இல்லாததை. பிஸ்டன், ரிங், பேரிங் விலைகள் எழுதியிருக்கும். லேத் கூலி, ஹெட் போல்ட், கேஸ்கெட் செட், கூலன்ட், இரண்டு முறை ஆயில், இன்ஜெக்டர் டெஸ்ட், டர்போ பரிசோதனை, இன்ஜின் மவுன்ட் இவை எழுதாமல் இருக்கும். பின்னால் ஒவ்வொன்றாக போனில் வரும். பிரித்துப் பார்த்த பிறகு சிலிண்டர் போர் அளவு, கிராங்க் அளவு இரண்டையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தக் கட்டத்தில் வேலையை நிறுத்தினால் எவ்வளவு தரவேண்டும் என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். இறக்கிய இன்ஜின் தரையில் கிடக்கும்போது பேரம் பேசுவது கஷ்டம்.

டிபிஎஃப், இஜிஆர் (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் அனுப்பும் அமைப்பு) இரண்டையும் எடுத்துவிட்டால் தொல்லை தீருமே?

பல நாடுகளில் சட்டவிரோதம், புகைச் சோதனையில் மாட்டும், விற்கும்போதும் இடிக்கும். அடைத்த டிபிஎஃப்பைக் கழற்றிச் சுத்தம் செய்யும் இடங்கள் இருக்கின்றன. கரி எரிந்துபோகும், ஆனால் ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது. அதனால்தான் சாம்பல் குறைந்த ஆயிலை அந்த வண்டிகளுக்குக் குறிப்பிட்டுச் சொல்கிறார்கள்.

முடிவெடுக்கும்வரை ஓட்டிக்கொண்டிருக்கலாமா?

புகை, லேசான பிக்கப் குறைவு, ஆயில் குடிப்பது: அளவு பார்த்து ஓட்டலாம். ஆயில் விளக்கு மினுக்கினால், கீழிருந்து கனமான தட்டல் கேட்டால், டெம்பரேச்சர் முள் ஏறினால் அந்த இடத்திலேயே நிறுத்தி டோயிங் கூப்பிடுங்கள்.

டர்போ ஆயில் தள்ளும் வண்டியை ஓட்டவே வேண்டாம். அந்த ஆயிலையே எரிபொருளாகக் குடித்து இன்ஜின் தானாக வேகம் எடுக்கும், சாவியை அணைத்தாலும் நிற்காது. கைகியர் வண்டியில் பிரேக்கை முழுதாக மிதித்து, உயர் கியரில் போட்டு கிளட்சை விட்டு இன்ஜினை அமுக்கி நிறுத்துவார்கள். முடியாவிட்டால் இறங்கித் தள்ளிப் போய்விடுங்கள்.

செய்யவேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். எப்படி விற்பது?

பழுதை மறைக்காமல். கம்ப்ரஷன் எண்கள் கையில் இருந்தால், "இன்ஜின் போச்சு" வண்டியைவிட "மூன்றாவது சிலிண்டர் ரிங்" வண்டிக்குக் கூடுதல் விலை கிடைக்கும், ஏனென்றால் வாங்குபவர் தன் வேலையைக் கணக்குப் போடமுடிகிறது. புது டயர், பேட்டரி இருந்தால் தனியாகச் சொல்லுங்கள்.

செய்துவிட்டேன். இனி எப்படி ஓட்டுவது?

முதல் 1000 கிலோமீட்டருக்கு முழு வேகமும் வேண்டாம், முழு பாரமும் வேண்டாம். ஆனால் நிறுத்தி வைத்து மணிக்கணக்கில் ஐடிலில் ஓடவிடுவது அதைவிடக் கெடுதல். ரிங்குகள் சிலிண்டரில் பொருந்துவதற்கு மிதமான அழுத்தம் தேவை. பூப்போலவே ஓட்டினால் சிலிண்டர் சுவர் கண்ணாடி மாதிரி வழுவழுத்து, ஆயில் குடிக்கும் பழக்கம் முதல் நாளிலிருந்தே வந்துவிடும். வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். முதல் ஆயிலை, செய்து கொடுத்தவர் சொன்ன கிலோமீட்டரில் தவறாமல் மாற்றி, ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். கொஞ்சம் மினுமினுப்பு இருக்கும். இரண்டாவது ஃபில்டரில் அது இருக்கக்கூடாது.